பெரும்பான்மையாக வாழ்ந்த சிறுபான்மை: சஸ்காச்சுவான் ஊரகத்தில் கத்தோலிக்கப் பள்ளிக் கல்வி

கனடாவின் மேற்கே மானிட்டோபா, சஸ்காச்சுவான், ஆல்பர்ட்டா என்னும் மூன்று மாகாணங்களின் தென்பகுதியில் பரந்து கிடக்கும் புல்வெளிச் சமநிலம் பிரேரி என்று வழங்கப்படுகிறது. ஆண்டில் ஐந்து மாதத்துக்கும் மேல் பனி மூடிக்கிடக்கும் அந்நிலத்தில் கோதுமை விளைவித்துக் குடியேறிய கத்தோலிக்க உழவர்கள் தம் பிள்ளைகளுக்காக எத்தகைய பள்ளிகளை அமைத்தனர், அவற்றுள் எவை நிலைத்தன, எவை நிலைக்காமல் போயின என்பதை, சஸ்காச்சுவான் மாகாணத்தின் புனித பேதுரு குடியேற்றத்தை நடுவாக வைத்து ஆராய்வது இவ்வுரையின் நோக்கம். இப்பொருள் பேசப்படும்போதெல்லாம் நாடாளுமன்ற விவாதங்களும் மேல்முறையீட்டுத் தீர்ப்புகளுமே முன்னிற்பதால், கத்தோலிக்கப் பள்ளி என்பது அரசியலமைப்புச் சட்டம் ஈன்ற குழந்தை என்ற எண்ணம் எளிதில் உண்டாகிவிடுகிறது. ஊரகத்தைப் பொறுத்தவரை அவ்வெண்ணம் பாதியளவே பொருந்தும். சட்டம் காப்புறுதி அளித்தது சிறுபான்மையினருக்கு. ஊரகக் கத்தோலிக்கர் வாழ்ந்ததோ, பல இடங்களில், பெரும்பான்மையினராக. இந்த ஒரு முரணை விடாது பின்தொடர்ந்தால் நூற்றைம்பது ஆண்டு வரலாற்றின் பல புதிர்கள் தாமே அவிழ்கின்றன.

சட்டத்துக்கு முன்பே பள்ளி வந்துவிட்டது. ரெட் ஆறும் அசினிபோயின் ஆறும் கூடும் இடத்தில், இன்றைய வின்னிப்பெக் நகரின் கிழக்குக் கரையான செயின்ட் போனிஃபஸில், 1818ஆம் ஆண்டு வந்திறங்கிய அருட்தந்தை நோர்பெர் ப்ரொவான்ஷே, பின்னாளில் ஆயரானவர், கோயிலோடு கூடவே பள்ளியையும் தொடங்கினார். பிரெஞ்சு வணிகர்களுக்கும் முதற்குடிப் பெண்களுக்கும் பிறந்த வழித்தோன்றல்களான மெட்டி மக்களே அப்போது அங்கு கத்தோலிக்கரின் பெரும்பகுதி. ஆதலின் பெண்பிள்ளைகளுக்கான பள்ளியை 1829இல் நடத்த முன்வந்தவர்களும் ஆஞ்ஜெலிக் நோலன், மார்கரிட் நோலன் என்னும் மெட்டிச் சகோதரியர் இருவரே. துறவியர் அதற்குப் பின்னரே வந்தனர்: மான்ட்ரியாலின் சாம்பல்நிற உடைக் கன்னியர் 1844இலும், புனித யூஜின் தெ மசெனோ பிரான்சில் நிறுவிய அமலமரித் தியாகிகள் சபையினர் 1845இலும் ரெட் ஆற்றை அடைந்தனர். இச்சபையின் பெயர் இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கருக்குப் புதியதன்று. ரெட் ஆற்றை அடைந்து இரண்டே ஆண்டில், 1847இல், அதே சபையின் குருக்கள் யாழ்ப்பாணத்துக்கும் வந்து பள்ளிப் பணியில் இறங்கினர். பனிநிலத்திலும் பனைநிலத்திலும் ஒரே சபை ஒரே பத்தாண்டில் காலூன்றியது என்பது தற்செயல் அன்று. பேரரசின் எல்லை விரிந்த திசையிலெல்லாம் மறைப்பணியாளரை அனுப்புவது அக்காலப் பிரெஞ்சுத் திருச்சபையின் வழக்கம்.

கனடா 1867இல் கூட்டாட்சியானபோது, கல்வி மாகாணங்களின் பொறுப்பில் விடப்பட்டது. ஆயினும் அரசியலமைப்புச் சட்டத்தின் 93ஆம் பிரிவு, மாகாணம் கூட்டாட்சியில் சேரும் வேளையில் சட்டப்படி நடைமுறையில் இருந்த சமயவழிப் பள்ளி உரிமைகளைப் பின்னர் எவரும் குறைத்தல் கூடாது என்று வரையறுத்தது. மானிட்டோபா 1870இல் மாகாணமானபோது இதே பொருளில் ஒரு பிரிவு எழுதப்பட்டும், 1890இல் அம்மாகாண அரசு கத்தோலிக்கப் பள்ளிகளுக்கான பொதுநிதியை அடியோடு நிறுத்தியது. ஆறாண்டு காலம் கனடிய அரசியலையே ஆட்டிவைத்த அந்தச் சிக்கல், 1896இல் பிரதமர் வில்ஃபிரிட் லோரியேவும் மாகாண முதல்வர் கிரீன்வேயும் செய்துகொண்ட உடன்பாட்டில் முடிந்தது. பள்ளி நாளின் கடைசி அரைமணி நேரத்தில் சமயம் கற்பிக்கலாம் என்பது அவ்வுடன்பாட்டின் சாரம். திருத்தந்தை 13ஆம் லியோ 1897இல் இதற்கெனவே ஒரு சுற்றுமடல் எழுதி, கிடைத்தது குறையுடையதே என்றும், கிடைத்ததை ஏற்றுக்கொண்டு எஞ்சியதற்கு முயலலாம் என்றும் கத்தோலிக்கருக்கு அறிவுறுத்தினார்.

அன்று வடமேற்கு ஆட்சிப்புலம் எனப்பட்ட மேலைப் பகுதியில், அதாவது பின்னர் சஸ்காச்சுவானும் ஆல்பர்ட்டாவும் ஆன நிலத்தில், கதை சற்று வேறாக நடந்தது. 1875ஆம் ஆண்டு நடுவண் சட்டம், ஒரு பள்ளி வட்டாரத்தில் வரி செலுத்துவோரின் பெரும்பான்மை தாம் விரும்பிய பள்ளியை அமைக்கலாம் என்றும், அங்குள்ள சிறுபான்மையினர், புராட்டஸ்டன்ட் ஆயினும் கத்தோலிக்கர் ஆயினும், தமக்கெனத் தனியே ஒரு பள்ளியை அமைத்து அதற்கு மட்டுமே வரி செலுத்தலாம் என்றும் கூறியது. கனடிய வழக்கில் 'செபரேட் ஸ்கூல்' என்றும் இவ்வுரையில் 'பிரிவுப் பள்ளி' என்றும் குறிக்கப்படுவது இதுவே. இது கட்டணம் பெற்று நடக்கும் தனியார் பள்ளி அன்று, வரிப்பணத்தில் நடக்கும் அரசுசார் பள்ளி என்பது மனத்திற்கொள்ளத் தக்கது. 1884இல் கியூபெக் மாதிரியைப் பின்பற்றிக் கத்தோலிக்கப் பிரிவு, புராட்டஸ்டன்ட் பிரிவு என இரு கிளைகளுடன் ஒரு கல்வி வாரியம் ஏற்பட்டது; பாடநூலும் ஆசிரியர் தகுதியும் ஆய்வாளர் நியமனமும் அந்தந்தக் கிளையின் கையில் இருந்தன. எட்டே ஆண்டில், ஆங்கிலம் பேசும் புராட்டஸ்டன்ட் குடியேறிகள் பெருகியதும், 1892ஆம் ஆண்டுச் சட்டம் அந்த இரட்டை ஆட்சியை நீக்கி, பாடத்திட்டமும் ஆய்வும் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒன்றே என்று ஆக்கிவிட்டது. பிரிவுப் பள்ளியின் உடல் எஞ்சியது. உள்ளே நடப்பதை வகுக்கும் அதிகாரம் போயிற்று. 1901ஆம் ஆண்டின் பள்ளிச் சட்டம் இதனை உறுதிசெய்து, தொடக்கத்தில் கர்த்தர் கற்பித்த செபம் சொல்லலாம், சமய போதனையோ மாலையில் பள்ளி விடுவதற்கு முந்திய அரைமணி நேரத்தில் மட்டுமே என்று வரையறுத்தது.

1905இல் சஸ்காச்சுவானும் ஆல்பர்ட்டாவும் மாகாணங்களானபோது, எந்த உரிமை காக்கப்பட வேண்டும், 1875இன் விரிந்த உரிமையா 1901இன் சுருங்கிய உரிமையா என்ற வினா எழுந்தது. லோரியேவின் முதல் வரைவு விரிந்த உரிமையைச் சார்ந்திருப்பதாகக் கருதிய உள்துறை அமைச்சர் கிளிஃபர்ட் சிஃப்டன் பிப்ரவரி மாத இறுதியில் பதவி விலகினார், லோரியே பின்வாங்கினார். சஸ்காச்சுவான் சட்டத்தின் 17ஆம் பிரிவு, 1901ஆம் ஆண்டுச் சட்டங்களின் 29, 30ஆம் அத்தியாயங்களைப் பெயர் சொல்லிக் குறித்து, அவற்றின் கீழ் உள்ள உரிமை குறையாது என்றும், பிரிவுப் பள்ளிகளுக்கு நிதிப் பங்கீட்டில் வேறுபாடு காட்டலாகாது என்றும் கூறியது. கத்தோலிக்கரும் அவர்தம் எதிர்ப்பாளரும் ஒருசேரக் குறைகூறிய அந்தப் பிரிவு இன்றுவரை உயிருடன் இருக்கிறது.

இவ்வளவும் ஏட்டில் உள்ள சட்டம். நிலத்தில் அது எவ்வாறு இயங்கியது என்பதை அறிய, பிரேரியின் அளவைமுறையைத் தெரிந்துகொள்ள வேண்டும். புல்வெளி முழுவதும், மேடு பள்ளம் பாராமல், ஆறு மைல் நீளமும் ஆறு மைல் அகலமும் உள்ள சதுரங்களாக அளக்கப்பட்டது. ஒவ்வொரு சதுரமும் டவுன்ஷிப் எனப்பட்டது. அதனுள் ஒரு சதுர மைல் கொண்ட 36 கட்டங்கள். கட்டத்தின் நான்கில் ஒரு பகுதியான 160 ஏக்கரை, பத்து டாலர் பதிவுக் கட்டணம் செலுத்திக் குடியிருந்து உழுது காட்டுபவருக்கு அரசு உரிமையாக்கியது. 11ஆம் எண்ணும் 29ஆம் எண்ணும் கொண்ட கட்டங்கள் பள்ளி நிலங்கள் என்று ஒதுக்கப்பட்டு, அவற்றை விற்ற பணம் கல்விக்குச் சென்றது. பள்ளி வட்டாரம் ஒன்று நீளத்திலும் அகலத்திலும் ஐந்து மைலுக்கு மேற்படாமல் இருக்க வேண்டும். அதனுள் வரி விதிப்புக்கு உரிய நான்கு பேராவது குடியிருக்க வேண்டும். ஐந்து முதல் பதினாறு வயது வரையுள்ள பிள்ளைகள் பன்னிருவராவது இருக்க வேண்டும். பிள்ளைகள் நடந்தோ குதிரையிலோ வந்துசேரக்கூடிய தொலைவைக் கருதியே இந்த ஐந்து மைல் எல்லை வகுக்கப்பட்டது.

இதில் நுட்பமான செய்தி ஒன்று உண்டு. பிரிவுப் பள்ளியை வெறும் நிலத்தில் அமைக்க முடியாது. முதலில் பொதுப்பள்ளி வட்டாரம் ஒன்று இருக்க வேண்டும், அதனுள் சிறுபான்மையாக உள்ள சமயத்தார் மூவராவது விண்ணப்பிக்க வேண்டும், பின்னர் அச்சமயத்தாரிடையே வாக்கெடுப்பு நடக்க வேண்டும். ஒரு வட்டாரத்தில் பத்துக் குடும்பங்கள் இருந்து அவற்றுள் ஏழு கத்தோலிக்கக் குடும்பங்கள் ஆயின், அவர்களுக்குப் பிரிவுப் பள்ளி உரிமை இல்லை. அந்த உரிமை எஞ்சிய மூன்று புராட்டஸ்டன்ட் குடும்பங்களுக்கே உண்டு. கத்தோலிக்க எழுவர் பொதுப்பள்ளியின் அறங்காவலர் குழுவைத் தம் வாக்கால் கைக்கொண்டு, தமக்கு ஏற்ற ஆசிரியரை அமர்த்திக்கொள்ளலாம். ஆயினும் அது சட்டத்தின் கண்ணில் பொதுப்பள்ளியே. நகரத்துக் கத்தோலிக்கருக்கு இவ்விதி கேடயமாயிற்று. ஓரிடத்தில் சேர்ந்து வாழ்வதையே தம் சமயப் பாதுகாப்பு என்று எண்ணிக் குடியேறிய ஊரகக் கத்தோலிக்கரை அதே விதி கேடயம் இன்றி நிறுத்தியது.

புனித பேதுரு குடியேற்றம் அவ்வாறு எண்ணிச் செய்யப்பட்டதே. அமெரிக்காவின் மினசோட்டா முதலிய மாநிலங்களில் வாழ்ந்த ஜெர்மானியக் கத்தோலிக்க உழவர்களின் அடுத்த தலைமுறைக்கு நிலம் கிடைப்பது அரிதானபோது, மினசோட்டாவின் புனித யோவான் மடத்தைச் சேர்ந்த அருட்தந்தை புரூனோ டோர்ஃப்ளர் 1902இல் வடக்கே சென்று நிலம் பார்த்தார். ஜெர்மானிய-அமெரிக்க நிலக் கம்பெனி ஒன்றும் கத்தோலிக்கக் குடியேற்றச் சங்கம் ஒன்றும் நிலத்தையும் மக்களையும் திரட்டின. புனித ஆசீர்வாதப்பரின் ஒழுங்கைப் பின்பற்றும் பெனடிக்ட் சபைத் துறவியர் இல்லினாய் மாநிலத்தில் இருந்த தம் சிறுமடத்தையே பெயர்த்துக்கொண்டு 1903இல் மியூன்ஸ்டர் என்னும் இடத்தில் வந்து அமர்ந்தனர். சஸ்கட்டூன் நகருக்குக் கிழக்கே 50 டவுன்ஷிப்புகள், அதாவது 1,800 சதுர மைல், கத்தோலிக்கருக்கென ஒதுக்கப்பட்டது. இருப்புப்பாதை வராத தொடக்க மாதங்களில் குடியேறிகள் ராஸ்தர்ன் நிலையத்தில் இறங்கி மாட்டு வண்டிகளில் நாட்கணக்கில் பயணம் செய்தனர். புரூனோ, ஃபுல்டா, மேரிஸ்பர்க், அன்னாஹெய்ம், செயின்ட் கிரெகர், எங்கல்ஃபெல்ட் என்று ஊர்ப்பெயர்களிலேயே புனிதரும் துறவியரும் ஜெர்மானியத் திருத்தலங்களும் கலந்தன. சிறுமடம் 1911இல் பெருமடமாக உயர்ந்தது. டோர்ஃப்ளரே முதல் மடாதிபதி. 1921இல் அம்மடம் எந்த மறைமாவட்டத்துக்கும் உட்படாத தனி ஆட்சிப்புலமாகி, அதன் மடாதிபதியே அப்பகுதிக்கு ஆயரின் அதிகாரம் உடையவரானார். மேற்கே டிராம்ப்பிங் ஏரியைச் சுற்றி அமைந்த புனித சூசையப்பர் குடியேற்றமும் இத்தகையதே. அங்கு வந்தவர்களுள் பெரும்பாலோர் ரஷ்யாவில் வாழ்ந்த ஜெர்மானியர், வழிநடத்தியவர்கள் அமலமரித் தியாகிகள்.

தொடக்க ஆண்டுகளில் இக்குடியேற்றத்தில் பங்குக் கோயிலை ஒட்டிப் பங்குப் பள்ளிகள் எழுந்தன. பெற்றோர் பணம் கொடுத்து நடத்திய அப்பள்ளிகளில் ஜெர்மன் மொழியும் மறைக்கல்வியும் நாள் முழுவதும் இடம்பெற முடிந்தது. ஆனால் அரசு மானியம் இல்லை. அருகிலேயே பொதுப்பள்ளி வட்டாரம் அமைந்துவிட்டால் அதற்கும் வரி செலுத்தியாக வேண்டும். புதிதாகத் திருத்திய நிலத்தில் முதல் மூன்று நான்கு விளைச்சலை மட்டுமே கண்டிருந்த உழவனுக்கு இந்த இரட்டைச் சுமை தாங்கக்கூடியதாக இல்லை. ஆகவே பல ஊர்களில் மக்கள் தம் பள்ளியைப் பொதுப்பள்ளி வட்டாரமாகப் பதிவுசெய்துகொண்டு, அறங்காவலர் மூவரையும் பங்கு மக்களிலிருந்தே தேர்ந்தெடுத்து, கத்தோலிக்க ஆசிரியரை அமர்த்தி, சுவரில் சிலுவையை மாட்டி, கடைசி அரைமணியில் ஞானோபதேசம் நடத்தினர். கேட்பாரும் இல்லை, தடுப்பாரும் இல்லை. கத்தோலிக்கப் பள்ளி என்று எவரும் பெயர் சூட்டாமலே அது கத்தோலிக்கப் பள்ளியாக இருந்தது. பிரேரி ஊரகத்தில் கத்தோலிக்கக் கல்வியின் பெரும்பகுதி இந்தப் பெயரில்லாத ஏற்பாட்டில்தான் நடந்தது என்பதும், பிரிவுப் பள்ளிகளை மட்டும் எண்ணிப் பார்ப்பவர் கண்ணுக்கு அது தப்பிவிடும் என்பதும் இங்கு அழுத்திச் சொல்லத் தக்கவை.

இந்த ஏற்பாட்டின் முதல் பலவீனம் மொழியில் வெளிப்பட்டது. முதல் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மன் பேசுவோர் மீது எழுந்த வெறுப்பு பள்ளிகளை நோக்கித் திரும்ப, அமெரிக்கக் கல்வியாளர் ஹெரால்ட் ஃபோக்ட் மாகாணப் பள்ளிகளை ஆராய்ந்து அறிக்கை அளித்த 1918ஆம் ஆண்டிலேயே, சஸ்காச்சுவான் அரசு ஆங்கிலத்தையே பயிற்றுமொழியாக்கிச் சட்டத்தைத் திருத்தியது. பிரெஞ்சுக்கு முதல் வகுப்பில் சிறிது இடம் விடப்பட்டது. ஜெர்மனுக்கு அதுவும் இல்லை. கிரேவல்பர்க் போன்ற பிரெஞ்சு ஊர்களில் 1912இலேயே அமைந்திருந்த பிரெஞ்சுக் கத்தோலிக்கச் சங்கமும், 1918இல் தொடங்கிய மத்தியூ கல்லூரியும் மொழியையும் சமயத்தையும் ஒரே கயிறாக முறுக்கிப் பிடித்துக்கொண்டன. புனித பேதுரு குடியேற்றத்தின் ஜெர்மானியருக்கோ சமயம் எஞ்சியது, மொழி இரண்டு தலைமுறைக்குள் தேய்ந்தது. மடம் 1904 முதல் ஜெர்மனில் வெளியிட்டுவந்த இதழ் 1947இல் நின்றது. 1923இல் ஆங்கிலத்தில் தொடங்கிய 'பிரேரி மெசஞ்சர்' 2018 வரை வந்தது.

ஓராசிரியர் பள்ளிகள் பெரும்பாலும் எட்டாம் வகுப்போடு நின்றன. அதற்கு மேல் படிக்க விரும்பும் பிள்ளையை விடுதிக்கே அனுப்ப வேண்டியிருந்ததால், கன்னியர் மடங்கள் நடத்திய விடுதிப் பள்ளிகளே ஊரகத்தின் உயர்நிலைக் கல்விக்கு நெடுங்காலம் வாயிலாக விளங்கின. ஜெர்மனியிலிருந்து 1910களில் வந்த உர்சுலைன் சபைக் கன்னியர், மேற்கெல்லையை அடுத்த பிரிலேட்டில் 1919இலும் புரூனோவில் 1922இலும் பெண்களுக்கான உயர்நிலைப் பள்ளிகளைத் திறந்தனர். உக்ரைனியக் கிரேக்கக் கத்தோலிக்கருக்கென யார்க்டனில் மரியின் ஊழியர் சபைக் கன்னியர் ஒரு பள்ளி நடத்தினர். மியூன்ஸ்டர் மடம் ஆண்களுக்கான புனித பேதுரு கல்லூரியை 1921இல் தொடங்கியது; அது சில ஆண்டுகளில் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகத்துடன் இணைவு பெற்றது.

இக்கன்னியரின் உழைப்பு ஊதியக் கணக்கில் அடங்காதது. பகலில் ஊர்ப் பொதுப்பள்ளியில் கற்பித்து, மாலையில் பியானோ வகுப்பு நடத்தி, அந்தச் சிறு வருவாயைக் கொண்டு மடத்தையும் விடுதியையும் காத்தனர்; கத்தோலிக்கர் அல்லாத ஊரார் பிள்ளைகளும் இசைக்காக மடத்துப் படியேறினர். 1930களில் வறட்சியும் விலைவீழ்ச்சியும் ஒருங்கே தாக்கி, வரி வராமல், ஆசிரியருக்குச் சம்பளத்துக்குப் பதிலாகக் கடனுறுதிச் சீட்டு எழுதிக்கொடுத்த காலத்தில், பல ஊர்களில் பள்ளி மூடாமல் நடந்ததற்குக் கன்னியர் குறைந்த ஊதியத்தில் பணியாற்ற இசைந்ததும் ஒரு காரணம். ரெஜைனாவுக்குத் தெற்கே வில்காக்ஸ் என்ற சிற்றூரில் அருட்தந்தை ஆத்தல் மர்ரி 1927இல் பொறுப்பேற்ற நோத்ர தாம் கல்லூரி, கட்டணத்துக்கு ஈடாகக் கோதுமையும் இறைச்சியும் நிலக்கரியும் ஏற்றுக்கொண்டு அந்தப் பஞ்சத்தைக் கடந்தது. மர்ரியின் ஹாக்கி அணியின் புகழ் நாடெங்கும் பரவிவிட்டதால் அவர் நடத்திய செவ்வியல் இலக்கிய வகுப்புகள் மறக்கப்பட்டன. வரலாறு சில வேளை இப்படியும் கணக்கு எழுதும்.

ஏற்பாட்டின் இரண்டாம் பலவீனம் 1929இல் வெளிப்பட்டது. அமெரிக்காவிலிருந்து 1926-27 அளவில் வந்த கூ கிளக்ஸ் கிளான் இயக்கம், கறுப்பின மக்கள் அரிதான சஸ்காச்சுவானில் கத்தோலிக்கரையும் கிழக்கு ஐரோப்பியக் குடியேறிகளையும் தன் இலக்காகக் கொண்டது. பொதுப்பள்ளியில் கன்னியர் துறவற உடையில் நின்று கற்பிப்பதும் சுவரில் பாடுபட்ட சுரூபம் தொங்குவதும் அந்த இயக்கத்தின் மேடைகளில் தீராத பேச்சாயின. 1929 ஜூன் தேர்தலில் முதல்வர் கார்டினரின் லிபரல் ஆட்சி வீழ்ந்து, கன்சர்வேட்டிவ் தலைவர் ஜே. டி. எம். ஆண்டர்சன் கூட்டணி ஆட்சி அமைத்தார். மறு ஆண்டே பள்ளிச் சட்டம் திருத்தப்பட்டு, பொதுப்பள்ளிகளில் சமயச் சின்னங்களை வைப்பதும் சமய உடையில் கற்பிப்பதும் தடுக்கப்பட்டன. 1931இல் முதல் வகுப்புப் பிரெஞ்சும் நீக்கப்பட்டது. தடை பொதுப்பள்ளிகளுக்கு மட்டுமே; பிரிவுப் பள்ளிகளை அது தொடவில்லை, 17ஆம் பிரிவு இருந்ததால் தொடவும் இயலாது. ஆகவே அடி விழுந்தது ரெஜைனா, சஸ்கட்டூன் நகரக் கத்தோலிக்கர் மீது அன்று. ஊர் முழுவதும் கத்தோலிக்கராக இருந்து, தம் பொதுப்பள்ளிக்குக் கன்னியரை அழைத்திருந்த சிற்றூர்கள் மீதே விழுந்தது. கன்னியர் கற்பித்த பொதுப்பள்ளிகள், மாகாணத்தின் ஏறத்தாழ ஐயாயிரம் பள்ளி வட்டாரங்களுள் மிகச் சிலவே. அந்தச் சிலவற்றுக்காக ஒரு சட்டம் இயற்றப்பட்டது என்பதே அக்காலத்தின் அளவுகோல்.

குடியேறிகளின் பள்ளி வரலாற்றைச் சொல்லி முதற்குடி மக்களின் பள்ளி வரலாற்றை அடிக்குறிப்பாக ஒதுக்குவது நேர்மையாகாது. குடியேறிகளின் பள்ளியில் சமயத்துக்கு அரைமணி நேரம் மட்டுமே என்று சட்டம் அளந்து கொடுத்த அதே காலத்தில், நடுவண் அரசு முதற்குடிப் பிள்ளைகளின் இருபத்து நான்கு மணி நேரத்தையும் திருச்சபைகளின் கையில் ஒப்படைத்தது. தொழிற்பள்ளிகள் குறித்து நிக்கலஸ் ஃப்ளட் டேவின் 1879இல் அளித்த அறிக்கையைத் தொடர்ந்து, 1884இல் குவாப்பெல் பள்ளத்தாக்கின் லெப்ரெட்டில் தொழிற்பள்ளி ஒன்று திறக்கப்பட்டது. அமலமரித் தியாகிகள் சபையின் அருட்தந்தை ஜோசஃப் ஹியூகோனார் 1917இல் இறக்கும் வரை அதன் முதல்வராக இருந்தார். சாம்பல்நிற உடைக் கன்னியர் அங்கும் கற்பித்தனர். பெற்றோரையும் மொழியையும் பிரித்து எடுத்தாலன்றிப் பிள்ளையை மாற்ற முடியாது என்பதே அத்தகைய உறைவிடப் பள்ளிகளின் அடிப்படைக் கொள்கை. 1892 முதல் தலைக்கு இவ்வளவு என்று அரசு கொடுத்த மானியம் போதாமையால் நெரிசலும் பசியும் நோயும் பெருகின. மருத்துவ அதிகாரி பீட்டர் பிரைஸ் 1907இலேயே பிரேரிப் பள்ளிகளில் காசநோயால் நேர்ந்த சாவுகளை அறிக்கையாக எழுதியும் பயன் விளையவில்லை. நாடு முழுவதும் ஒன்றரை லட்சம் பிள்ளைகள் இப்பள்ளிகளைக் கடந்தனர் என்று 2015இல் தன் பணியை முடித்த உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் மதிப்பிட்டது. அப்பள்ளிகளுள் பெரும்பகுதியை நடத்தியவை கத்தோலிக்க நிறுவனங்கள். சஸ்காச்சுவானின் மரியேவல் பள்ளியை ஒட்டிய கல்லறைத் தோட்டத்தில் பெயர் குறிக்கப்படாத 751 புதைகுழிகள் இருப்பதாக கவெசஸ் முதற்குடியினர் 2021 ஜூனில் அறிவித்தனர். திருத்தந்தை பிரான்சிஸ் 2022 ஜூலை 25 அன்று ஆல்பர்ட்டாவின் மாஸ்க்வாசிஸில் மன்னிப்புக் கேட்டார். ஒரே சபை, ஒரே காலம், சிலபோது ஒரே மடம். குடியேறியின் மகளுக்குப் பியானோவும் முதற்குடி மகளுக்கு மொழிமறுப்பும் கிடைத்தன. கத்தோலிக்கக் கல்வியின் பெருமையைப் பேசுவோர் இவ்விரண்டையும் ஒரே மூச்சில் பேசும் கடமை உடையவர்.

சட்டம் செய்யாததைச் சாலையும் மோட்டார் வண்டியும் செய்தன. டாமி டக்ளஸ் தலைமையில் 1944இல் ஆட்சிக்கு வந்த கூட்டுறவுப் பொதுநலக் கூட்டமைப்பின் அரசு, கல்வி அமைச்சர் உட்ரோ லாய்டின் முனைப்பில், ஐந்து மைல் வட்டாரங்களை இணைத்துப் பெரும் அலகுகளாக்கும் சட்டத்தை அதே ஆண்டில் நிறைவேற்றியது. பண்ணைகள் அளவில் பெருகப் பெருக, உழவர் குடும்பங்கள் குறைந்தன; நான்கு குடும்பம் உழுத நிலத்தை ஒரு டிராக்டர் உழுதது. 1960களின் முடிவுக்குள் ஓராசிரியர் பள்ளிகள் ஏறக்குறைய மறைந்து, பிள்ளைகள் மஞ்சள் பேருந்தில் சிறுநகரங்களுக்குச் சென்றனர். ஊர் அறங்காவலர் மூவரின் கையில் இருந்த ஆசிரியர் நியமனம் தொலைவில் உள்ள அலகு அலுவலகத்துக்குப் போனபோது, பெயரில்லாத கத்தோலிக்கப் பள்ளியின் அடித்தளமே போயிற்று. பெருமன்றங்களில் எவரும் அதற்காக முழங்கவில்லை. நீதிமன்றம் செல்லவும் வழியில்லை, ஏனெனில் அது சட்டப்படி என்றுமே கத்தோலிக்கப் பள்ளியாக இருந்ததில்லை. இதற்கிடையே நகரங்களில் பிரிவுப் பள்ளிகள் வளர்ந்தன. 1964இல் முதல்வராக இருந்த அதே லாய்டின் அரசு, பிரிவுப் பள்ளிகளின் உயர்நிலை வகுப்புகளுக்கும் பொதுநிதி அளித்தது. இச்சலுகை கன்னியரின் விடுதிப் பள்ளிகளுக்கு எதிர்பாராத கேடாயிற்று. நகரத்தில் கட்டணமின்றிக் கத்தோலிக்க உயர்நிலைப் பள்ளி கிடைக்கும்போது, துறவற அழைத்தலும் குறைந்துவிட்டபோது, விடுதிகள் வெறிச்சோடின: புரூனோ 1982இலும் பிரிலேட் 2007இலும் மூடப்பட்டன.

இவ்வரலாற்றின் கடைசித் திருப்பம் யார்க்டனுக்கு அருகே தியோடோர் என்ற சிற்றூரில் நேர்ந்தது. 42 பிள்ளைகள் படித்த அவ்வூர்ப் பொதுப்பள்ளியை மூடி, அவர்களை 17 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்பிரிங்சைடுக்குப் பேருந்தில் அனுப்ப 2003இல் பள்ளி நிர்வாகம் முடிவுசெய்தது. அவ்வூரில் கத்தோலிக்கர் சிறுபான்மையினர். அவர்கள் 1905இன் உரிமையை எடுத்து, பிரிவுப் பள்ளி வட்டாரம் ஒன்றை நிறுவி, மூடிய கட்டடத்தையே வாங்கி, புனித தியோடோர் பள்ளியைத் திறந்தனர். அதில் கத்தோலிக்கர் அல்லாத ஊரார் பிள்ளைகள் பலரும் சேர்ந்தனர். பொதுப்பள்ளி நிர்வாகம் வழக்குத் தொடுத்தது: கத்தோலிக்கர் அல்லாத மாணவருக்காகக் கத்தோலிக்கப் பள்ளிக்கு அரசு பணம் கொடுப்பது ஏனைய சமயங்களுக்கு இழைக்கும் பாகுபாடு அன்றோ என்பது அதன் வாதம். 2017 ஏப்ரலில் நீதிபதி டொனால்ட் லே அவ்வாதத்தை ஏற்றார். அரசியலமைப்பு உரிமைப் பட்டயத்தையும் மீறிச் சட்டம் செய்ய மாகாணங்களுக்கு உள்ள அரிய அதிகாரத்தைப் பயன்படுத்தி, சஸ்காச்சுவான் சட்டமன்றம் 2018இல் நிதியைக் காக்கும் சட்டம் இயற்றியது. 2020 மார்ச்சில் மாகாண மேல்முறையீட்டு நீதிமன்றம் லேயின் தீர்ப்பை ஒருமனதாக நீக்கியது. 2021 பிப்ரவரியில் கனடிய உச்ச நீதிமன்றம் அதன்மேல் மேல்முறையீட்டுக்கு அனுமதி மறுத்தது.

அந்தப் பள்ளியைத் திறந்தோரின் உள்ளத்தில் சமயப் பற்று முதலிடம் பெற்றதா, ஊர்ப்பள்ளி பிழைக்க வேண்டும் என்ற ஆவல் முதலிடம் பெற்றதா என்று எதிர்த்தரப்பு கேட்டது. பிரேரியின் வரலாற்றை அறிந்தவருக்கு அவ்வினாவே பொருளற்றது. 1903இன் உழவனும் அவ்விரண்டையும் பிரித்துப் பார்த்ததில்லை; பன்னிரு பிள்ளைகளை ஐந்து மைலுக்குள் திரட்ட முடிந்தவர் பள்ளி பெற்றனர், முடியாதவர் பெறவில்லை. தியோடோர் மக்கள் கண்டுகொண்ட வழி, ஊரகத்தில் சிறுபான்மையாக இருப்பதே வலிமை என்பதுதான்; புனித பேதுரு குடியேற்றத்தின் பெரும்பான்மைக் கத்தோலிக்கருக்கு நூறாண்டாகக் கிட்டாத வலிமை அது.

அக்குடியேற்றத்தின் இன்றைய நிலை இதற்குச் சான்று. கத்தோலிக்கப் பிரிவுப் பள்ளி அங்கு ஹம்போல்ட் நகரில் உள்ளது. சுற்றியுள்ள ஊர்களில் எஞ்சிய பள்ளிகள் பொதுப்பள்ளிகளே. ஒன்று மட்டும் விதிவிலக்கு. மினசோட்டாவின் மடாதிபதி பீட்டர் எங்கலின் பெயரைத் தாங்கி, ஜெர்மானியக் கத்தோலிக்கர் நிறுவிய எங்கல்ஃபெல்டில் இன்று நடக்கும் பள்ளி, சஸ்காச்சுவான் மாகாணத்திலேயே எஞ்சியுள்ள ஒரே புராட்டஸ்டன்ட் பிரிவுப் பள்ளி.